பெரியப்பாவின் குளத்துத் தண்ணீர்

ஒரு குளத்துக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? என் பெரியப்பா போட்டார். சும்மா பூட்டு இல்லை, என் உள்ளங்கையைவிடப் பெரிய ஆமைப்பூட்டு. அதற்கொரு சங்கிலி, சங்கிலிக்கொரு படலை, படலைக்கு இரண்டு பக்கமும் வேலி. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். உலகத்தில் எல்லாக் குளங்களுக்கும் இப்படித்தான் பூட்டு இருக்குமாக்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் இருந்தோம். இரண்டு தெரு தள்ளிப் பெரியப்பா வீடு. அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊரெல்லாம் விட்பியில் புதுவீடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் விட்பியையும் தாண்டி, வடக்கே மண்ரோட்டில் நெடுந்தூரம் போய், ஒரு பழைய வீட்டையும் கொஞ்சக் காணியையும் வாங்கினார். காணியின் ஒரு மூலையில் ஒரு குளம். குளக்கரையில் தலையை விரித்துப்போட்ட ஒரு பெரிய மரம். "உங்களுக்கு என்ன விசரோ?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "மண் வேணும்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு கோடைகாலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் எங்களுக்கு அங்கேதான். அப்பாவும் பெரியப்பாவும் கத்தரியும் பயித்தையும் மிளகாயும் நட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் நுளம்புக்கு அடித்துக்கொண்டே சமைத்தார்கள். நான் தவளை பிடித்தேன்.

வாங்கிய அந்த வசந்தத்திலேயே பெரியப்பா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். குளக்கரையில் ஒரு குழாய் நின்றது. மண்ணுக்குள்ளிருந்து எழும்பி, முழங்கை மாதிரி வளைந்து, வாயில் ஒரு மூடியோடு நிற்கும். ஒரு காலத்தில் சிவப்புப் பூச்சு இருந்திருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு தகரப் பலகை, அதில் இருந்த எழுத்தெல்லாம் வெயில் தின்றுவிட்டது. அதைவிட மோசம், ரோட்டிலிருந்து குளம்வரைக்கும் புல்லுக்குள்ளே ஒரு தடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது அந்தத் தடத்தில் பெரிய பாரவண்டிச் சில்லின் அடையாளம் புதிதாக இருந்தது.

"உவன்தான்" என்றார் பெரியப்பா. உவன் என்றது பக்கத்துப் பண்ணைக்காரரை. பால்மாடு வைத்திருந்த பெரிய உருவம். எங்களைக் காணுந்தோறும் டிராக்டரில் இருந்தபடி கையை உயர்த்தி ஆட்டுவார். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டுவார். ஆட்டி முடித்த கையைக் கீழே இறக்கமுதல், "எங்கட தண்ணியைக் களவெடுக்கிற ஆள், சிரிப்பைப் பார்" என்பார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எல்லை என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்களிடம் உண்டு. பெரியப்பா அடுத்த கிழமையே வேலி அடைக்கத் தொடங்கிவிட்டார். கனடாவில் தென்னோலைக் கிடுகு கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. அந்தக் கிராமத்தின் ஒரே ஹார்ட்வெயார் கடைக்குப் போய்க் கட்டையும் கம்பிவலையும் வாங்கினார். கடைக்காரர் சிவந்த தாடிக்காரர். சங்கிலியையும் பூட்டையும் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். "இதைவிட நல்ல பூட்டு என்னிடம் இல்லை" என்று சொன்னார். பெரியப்பாவுக்கு அது நல்லாய்ப் பிடித்தது.

வேலி குளத்தையும் தோட்டத்தையும் சுற்றி வந்து, அந்தப் புல்தடத்தின் குறுக்கே படலையாக முடிந்தது. குழாயின் தலையிலும் ஒரு பிளாஸ்ரிக் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கட ஆக்களுக்குச் சொர்க்கத்தில இடம் குடுத்தாலும் முதல் வேலையா வேலி அடைப்பியள்" என்றார் பெரியம்மா.

"அங்கயும் பக்கத்தில ஆர் இருக்கிறான் எண்டு பாக்கத்தானே வேணும்" என்றார் பெரியப்பா. அவர் பகிடி விட்டாரா உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் திரும்பியிருக்கும். கோழி அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. அதனால்தான் புகை மணத்தை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அம்மாதான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துப் பண்ணையின் பெரிய கொட்டகைக் கூரையின் நடுவில் பழுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. காயாத வைக்கோலை அடுக்கி வைத்தால் அது தன்பாட்டில் உள்ளே சூடேறி எரியத் தொடங்கிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, அந்தக் கொட்டகையில் கன்றுக்குட்டிகள் இருந்தன என்பதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருந்தேன். அவை கத்துகிற சத்தம் இப்போது எங்களுக்கே கேட்டது.

அப்பா போனை எடுக்கமுதல் தூரத்தில் கிராமத்துப் பக்கம் அபாயச் சங்கு ஊதியது. பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்ல! மண்ரோட்டின் இரண்டு பக்கத்தாலும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சின்னச் சின்ன வண்டிகள் பறந்து வந்தன. ஒவ்வொன்றின் முன்கண்ணாடிக்குள்ளும் ஒரு பச்சை விளக்கு மின்னியது. வண்டியிலிருந்து குதித்தவர்கள் சாதாரணச் சனம். ஒருவர் பந்து விளையாடிக்கொண்டிருந்த உடுப்போடு. ஒருவரின் முழங்கை வரைக்கும் கோதுமை மா. ரோட்டுக்கரையில் நின்றபடியே பெரிய சப்பாத்துக்குள் காலை விட்டார்கள். சப்பாத்தோடு காற்சட்டையும் சேர்ந்து ஒரே இழுவையில் மேலே வந்தது. கோட்டு, தொப்பி. ஐயோ, கண்ணை மூடித் திறக்கமுதல் அவர்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். எனக்கு வாய் மூடவில்லை. ரொறன்ரோவில் நான் தீயணைப்பு வண்டி காணாதவள் இல்லை. ஆனால் அங்கே வண்டிக்குள் இருப்பவர்கள் பிறக்கும்போதே தொப்பியோடு பிறந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் என் கண்ணுக்கு முன்னாலே மாறினார்கள்.

அதற்குள் பெரிய சிவப்பு வண்டிகள் வந்துவிட்டன. ஒன்று கொட்டகைக்குப் போனது. மற்றது நேரே எங்கள் புல்தடத்துக்குத் திரும்பி, படலைக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றது. அந்தப் பக்கங்களில் தீயணைப்புக்கான தெருக்குழாய் கிடையாது. வண்டியில் கொண்டுவருகிற தண்ணீர் சில நிமிடத்துக்குத்தான் காணும். பிறகு குளம்தான். கிட்ட இருந்த ஒரே குளம் பெரியப்பாவின் குளம்.

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது சிவந்த தாடி ஹார்ட்வெயார்காரர். கையில் சங்கிலி வெட்டுகிற நீளக் குறடு. பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தான் விற்ற பூட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பின்னால் வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட பெண். அட, ஐஸ்கிரீம் அன்ரி! கிராமச் சந்தியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர். எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக அள்ளி வைக்கிறவர். அவர்தான் அந்தப் படைக்கே தலைவர் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பெரியப்பா படலைக்கு உள்பக்கம் நின்றார். கையில் மண்வெட்டி. அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

தாடிக்காரர் குறட்டைச் சங்கிலிக்குக் கொண்டுபோனார். ஐஸ்கிரீம் அன்ரி அவருடைய தோளில் கைவைத்து நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா, உங்கள் குளத்துத் தண்ணீரை எடுப்பதற்கு அனுமதி கேட்கிறோம். எடுக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியப்பா வாய் திறக்கவில்லை.

ஆங்கிலம் விளங்காத மனிதர் இல்லை அவர். கொட்டகைக் கூரையைப் பிளந்துகொண்டு முதல் நெருப்பு வெளியே வந்தது. கன்றுகள் கத்தின. ஐஸ்கிரீம் அன்ரி அசையாமல் நின்றார். மறுபடியும், அதே சொற்களை, அதே மரியாதையோடு கேட்டார். இந்த மனிதர் மாட்டேன் என்று சொல்லப்போகிறார், எல்லைச் சண்டையில் என் கன்றுகளை எரித்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். "பெரியப்பா, ப்ளீஸ், ஓப்பன் பண்ணுங்கோ!" என்று கத்தினேன். தோட்டத்துக்குள்ளிருந்து அப்பாவும் ஓடி வந்தார்.

"அண்ணை, திறப்பு எங்க? திறப்பைக் குடுங்கோ!"

பெரியப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். கழுத்தில் போட்டிருந்த கயிற்றிலிருந்து திறப்பை இழுத்து எடுத்தார். குளத்துத் திறப்பைத் தாலிக்கொடி மாதிரிக் கழுத்திலே போட்டிருந்திருக்கிறார் மனுசன்! அவசரத்தில் திறப்பு ஓட்டைக்குள் போகவில்லை. தாடிக்காரர் வெளியே நின்றபடி பூட்டை அசையாமல் பிடித்துக்கொடுத்தார். பூட்டுத் திறந்தது. பெரியப்பா ஐஸ்கிரீம் அன்ரியைப் பார்த்து, "எடுங்கோ, எடுங்கோ, எல்லாத்தையும் எடுங்கோ" என்றார், தமிழில். அந்த அன்ரிக்கு அது விளங்கிவிட்டது.

பிறகு பெரியப்பா ஓடினார். அவர் ஓடி நான் கண்டது அன்றைக்குத்தான். ஓடிப்போய்ப் பீப்பாயைத் தூக்கி எறிந்தார். வண்டி பின்பக்கமாக வந்தபோது முன்னால் நின்று, யாழ்ப்பாணத்து மினிபஸ் நடத்துநர் மாதிரி, "வா, வா, வா... றைற்!" என்று கையைக் காட்டினார். வண்டி அவருடைய பயித்தம் பந்தலை மிதித்துக்கொண்டுதான் வந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழாயின் மூடியைத் திருகி எடுத்துவிட்டுத் தடித்த கறுப்புக் குழாயை அதன் வாயில் பொருத்தினார்கள். எஞ்சின் ஒரு தரம் உறுமியது. குளம் அசைந்தது.

என் வாழ்க்கையில் அதைப்போல் ஒன்றை நான் கண்டதில்லை. தண்ணீர் ரோட்டை ஒட்டிக் கிடந்த நீளக் குழாய்களுக்குள் ஓட, சப்பையாகக் கிடந்த குழாய்கள் உயிர் வந்தவைபோலப் புடைத்துக்கொண்டே போயின. அந்த முனையில் ஐஸ்கிரீம் விற்கிறவரும் ரொட்டி சுடுகிறவரும் தபால் கொடுக்கிறவரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் களைத்துப் பின்னால் வந்தால் இன்னொருவர் ஒரு சொல்லும் பேசாமல் அந்த இடத்துக்குப் போனார். நான் தவளை பிடித்த தண்ணீர், எனக்குத் தெரிந்த அந்தப் பச்சைப் பாசித் தண்ணீர், வானத்தில் எழும்பி வளைந்து கொட்டகைமேல் விழுந்தது.

கன்றுகளைப் பண்ணைக்காரர் வெளியே துரத்திவிட்டார். அவை வெருண்டு நாலாபக்கமும் ஓடின. அந்தச் சுற்றாடலில் நாலு பக்கமும் ஒழுங்காக அடைத்த ஒரே இடம் எங்களுடையதுதான். எல்லாவற்றையும் வளைத்து எங்கள் படலைக்குள் விட்டார்கள். பெரியப்பாவின் வேலிக்கு அன்றைக்குத்தான் முதல் முதலாக ஒரு வேலை கிடைத்தது. பயந்து நடுங்கிய கன்றுகள், கொஞ்சநேரத்தில் பயம் தெளிந்து, அவருடைய கத்தரிச் செடிகளை மேய்ந்து முடித்தன.

பொழுது சாயும்போது நெருப்பு அடங்கியது. வைக்கோல் போய்விட்டது, கூரையும் பாதி போய்விட்டது. பால் கறக்கிற பகுதியும் வீடும் மாடு கன்றுகளும் மிஞ்சின. குளம் வற்றி, நடுவில் ஒரு பாய் அளவு தண்ணீர்தான் கிடந்தது. பெரியம்மா பெரிய பானையில் இஞ்சி போட்டுத் தேநீர் வைத்தார். கரி முகத்தோடு எல்லோரும் எங்கள் புல்லில் உட்கார்ந்து எங்கள் கோழியைச் சாப்பிட்டார்கள். உறைப்பில் மூக்கு ஓடியது, ஆனாலும் விடவில்லை. பண்ணைக்காரர் வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். தண்ணீர்க் களவைப் பற்றிப் பெரியப்பா அதற்குப் பிறகு ஒருநாளும் வாய் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இலை சிவக்கிற காலத்தில், தீயணைப்புப் படைக்காரர் தங்கள் மண்டபத்தில் காலைச் சாப்பாடு என்று சொல்லி எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். பெரியம்மா ஒரு தட்டம் நிறையக் கட்லட் கொண்டுவந்தார். வண்டிகளை வெளியே விட்டுவிட்டு, அவை நிற்கிற இடத்தில் மேசை போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய படங்கள். ஒரு மூலையில் நாலு மரச்சில்லு வைத்த ஒரு கைப்பம்பி நின்றது. இரண்டு பக்கமும் நீளக் கட்டைகள். ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று, சீசோ ஆடுவதுபோல மாறி மாறி அமத்தவேண்டும். ஐஸ்கிரீம் அன்ரி என்னைத் தொட்டுப் பார்க்க விட்டார். கட்டையில் எத்தனையோ பேரின் கைபட்டு வழவழப்பாக இருந்தது.

அவர்தான் கதையைச் சொன்னார். வெகுகாலத்துக்கு முன்னர் சந்தியில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலை இருந்ததாம். காற்று அடித்த ஒருநாள் அது பற்றியது. சனம் வாளியோடு தங்கள் தங்கள் கிணற்றுக்கு ஓடியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓடித் தனித்தனியாக வந்தார்கள். அதற்குள் நெருப்புப் பள்ளிக்கூடத்தையும் தின்றுவிட்டது. எல்லோரும் வெறும் வாளியோடு ரோட்டில் நின்று பார்த்தார்களாம். அடுத்த கிழமை தேவாலயத்தில் கூடினார்கள். அரசாங்கம் ஒன்றும் தரவில்லை. பெண்கள் அப்பிள் பை சுட்டு விற்றார்கள், பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். அப்படிச் சேர்த்துத்தான் அந்தக் கைப்பம்பி. யாருடைய குதிரை முதலில் வந்து சேருகிறதோ அது இழுக்கும். குதிரை போய் வண்டி வந்தது. மணி போய்ச் சங்கு வந்தது, இடுப்பில் கட்டுகிற அழைப்புக் கருவி வந்தது. வந்த ஆட்கள் மட்டும் மாறவில்லை. படங்களில் அதே மூக்குகள், தகப்பன், மகன், பேத்தி என்று தொடர்ந்தன. பக்கத்துக் கொட்டகை எரிந்த அன்று ஐஸ்கிரீம் அன்ரி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாராம். உள்ளே நின்ற சனம் தாங்களே அள்ளிச் சாப்பிட்டு, கடையையும் பூட்டிவிட்டுப் போனார்களாம். இதைக் கேட்டபோது நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களே என்றிருந்தது.

பம்பி வந்தும் தண்ணீர் இல்லாமல் சரிவருமா? வற்றாத தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது எங்கள் குளம். அப்போதைய சொந்தக்காரர் பெரிய சண்டைக்காரராம். எல்லை விஷயத்தில் தேவாலயத்தோடும் கொளுவியவர். அம்மா பெரியப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த மனிதர் சொன்னாராம்: எவ்வளவும் எடுங்கள், எப்போதும் எடுங்கள், ஆனால் என் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டு எடுங்கள். சனம் சிரித்தது. என்றாலும் கேட்டது. அவர் செத்த பிறகு மனைவியிடம் கேட்டார்கள், பிறகு மகனிடம், பிறகு வாங்கியவர்களிடம். குழாய் பொருத்துகிற நேரத்தில் ஒருவர் வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்பது அந்தப் படையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வசந்தத்தில் குழாயைச் சோதிக்க வந்தபோதும் பெரியப்பாவின் கதவைத் தட்டினார்களாம். வேலைநாள், நாங்கள் ஒருவரும் அங்கே இல்லை.

பெரியப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "நான் இல்லையென்று சொல்லியிருந்தால்?"

ஐஸ்கிரீம் அன்ரி தோளைக் குலுக்கினார். "அடுத்த குளத்துக்குப் போயிருப்போம். அது நல்ல தூரம்."

பெரியப்பா அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். பெரியம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தப் பிறந்தநாள், கலியாணம், சாமத்தியவீடு என்றாலும் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. மற்றவர்களும் விடமாட்டார்கள், "அண்ணை, அந்தக் குளத்துக் கதையைச் சொல்லுங்கோ" என்று வாயைக் கிண்டுவார்கள். பச்சை விளக்கு, கூரையைப் பிளந்த நெருப்பு, கன்றுகள் என்று எல்லாவற்றையும் அவர் அவசர அவசரமாகச் சொல்லித் தள்ளிவிடுவார். எங்களுக்கு வேண்டியதே அதெல்லாம்தான். அவர் ஆறுதலாகச் சொல்கிற இடம் வேறு. அந்த இடம் வந்ததும் குரல் தணிந்துவிடும்.

"கையில வெட்டுற சாமான் இருக்கு. யூனிபோம் போட்டுக்கொண்டு வந்து நிக்கினம். ஒரு வெட்டு வெட்டினால் சரி. ஆனால் கேட்டவை. என்னட்டக் கேட்டவை. கேட்டுப்போட்டெல்லோ உள்ளுக்க வந்தவை."

கதையில் இதைவிடச் சப்பென்ற இடம் இல்லை என்பது பிள்ளைகள் எங்கள் எல்லோருடைய முடிவு. 'கேட்டவை' என்று அவர் தொடங்கியதும் நாங்கள் எழும்பி ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவோம். கையில் ரோல்ஸோடு திரும்பிப் பார்த்தால், பெரியவர்களில் ஒருவரும் அசைந்திருக்கமாட்டார்கள். அங்கிள்மார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கன்றுகள் தப்பியதற்குக்கூடக் கண் கலங்காத அன்ரிமார் அந்த இடத்தில் சேலைத் தலைப்பை எடுப்பார்கள். இவர்களுக்கு என்ன பிடித்தது என்று நான் எரிச்சற்பட்டிருக்கிறேன். ஊரில் பெரியப்பாவின் வீட்டையும் கிணற்றையும் சுற்றி ஒருநாள் சீருடைக்காரர்கள் கம்பி அடித்ததும், அதன் பிறகு அவர் அதற்குள் கால் வைக்கவே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கேட்காமல் வீட்டுக்குள் வந்த சப்பாத்துகளைக் காணாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதும் தெரியாது.